தெரியலை என்று ஒரு வார்த்தை

அடையாறு,
புதன் இரவு.

அன்புள்ள பாஞ்சாலி அக்காவுக்கு, தங்கை ஜோதிலட்சுமி எழுதுவது. திருச்சியில் நீயும் மாமாவும் குட்டியும் சுகம்தானே? போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் எல்லோரும் தூங்கின பிறகு எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் பள்ளியில் நம் நரிக்குறவர் குடும்பங்களுக்கென்று கண் முகாம் வைத்தார்கள். அம்மாவை உட்கார வைத்து, அட்டையில் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டி, "தெரியுதாம்மா?" என்று கேட்டார்கள். அம்மாவுக்கு 'அ'னாகூடத் தெரியாதே! எல்லாவற்றுக்கும் "தெரியலை சார்" என்றாள். கண்ணே தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போய், போன வாரம் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்துவிட்டார்கள். படிக்காதவர்களுக்கான படம் போட்ட அட்டை அன்று மேசைக்கடியில் சுருட்டினபடியே கிடந்தது.

பாண்டி பஜாரில் நடைபாதைக் கடைகளை அள்ள வரும் கார்ப்பரேஷன் லாரி தெருமுனையில் திரும்பும்போதே பார்த்துப் பாசிமணியை மூட்டை கட்டுகிறவள் அக்கா, நம் அம்மா! இப்போது ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நேற்று ரோட்டில் ஆட்டோ உரசி முழங்கை தேய்ந்துவிட்டது. கழற்று என்றால், "போட்டோ எடுத்துக் குடுத்தாங்கடி, கழட்டுனா சாதி சர்ட்டிபிகேட் தரமாட்டாங்க" என்கிறாள். யார் சொன்னது என்றால், அதற்கும் "தெரியலை"! தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இனி எழுதுவதை மாமாவிடம்கூடச் சொல்லாதே. எனக்குத்தான் கரும்பலகை தெரியவில்லை. முகாமில் எனக்கு முன்னால் நின்ற என் வகுப்பு அனுப்ரியா படித்ததைக் கேட்டு அப்படியே ஒப்பித்தேன். 'பார்வை சரி' என்று எழுதிவிட்டார்கள். பயம்தான் அக்கா. பலகை தெரியாத பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று உன்னை எட்டாவதோடு நிறுத்தினாரே அப்பா. நானும் இப்போது எட்டாவது.

திங்களன்று கணக்கு டீச்சர் பலகையில் இருப்பதைப் படிக்கச் சொன்னார். "தெரியலை டீச்சர்" என்றேன். "படிச்சாத்தானே தெரியும்" என்று பீரியட் முழுக்க நிற்க வைத்தார். அதே வார்த்தைதான். அம்மா சொன்னால் கண்ணாடி, நான் சொன்னால் திட்டு.

கண்ணாடி சேராதவர்களுக்காக அடுத்த வாரம் சனிக்கிழமை முகாம்காரர்கள் மறுபடி வருகிறார்கள். வெள்ளி இரவே பஸ் ஏறிவிடு. அம்மாவுக்கு எழுத்துத்தான் தெரியாது, எனக்குக் கண்தான் தெரியாது என்று அப்பா முன்னாலேயே சொல். எனக்கு வாய் வராது.

பஸ் போர்டை யாரிடமாவது கேட்டு ஏறு அக்கா. சனிக்கிழமை நீயும் எங்களோடு வரிசையில் நில்.

குட்டிக்கு என் முத்தங்கள்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
ஜோதிலட்சுமி