பூரிப்பு என்னும் சொல்லை விலக்கிய ஓலை

மழை முறை தவறாது பொழிக. கரும்பு கணுத்தோறும் சாறு கொள்க. நறைவாய் ஆறு பாயும் கன்னல்நாடு முழுவதும் உயிர்கள் நோயின்றி வாழ்க.

ஆலைமூதூர் அரண்மனையினின்று, இந்நாட்டைக் காத்து விண்ணேறிய பேரிளங்கீரக் கோவின் பட்டத்தரசியும், இளவரசர் சேந்தங்கீரரைப் பெற்ற தாயும், அரியணை நிரம்பும்வரை ஆணைக்கோல் ஏந்தியவருமாகிய நிலமங்கை மாதேவியார் திருவாய்மொழிந்தருள, ஓலைநாயகம் இடைக்குன்றத்துப் பூதன் எழுதியது. களிற்றுப்பாறைக் கோட்டையில் வீற்றிருக்கும் பேரமைச்சரும், தேவியாரின் உடன்பிறந்த தமையனாரும், இளவரசரின் தாய்மாமனுமாகிய மருதங்கண்டனார் காண்க. அவருடைய கோட்டையும் கொத்தளமும் களஞ்சியமும் நிலைபெறுக. அவருடைய உடல் நலத்தையும் இவ்விடத்தில் வாழ்த்துவது மரபு. எழுத்தாணி அங்கே சென்றபோது தேவியார் கையமர்த்திவிட்டார்.

இவ்வோலை அமைச்சரின் அவையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். படியெடுத்து ஊர்தோறும் படிக்கப்படவும் வேண்டும். ஆகையால் அமைச்சர் அறிந்தவையும் இதில் விளங்க எழுதப்படுகின்றன. அன்றியும், அவரவர் சொன்னதை அவரவர் சொன்னபடியே, பூசி மெழுகாமல் எழுதுக என்பது ஆணை. முதல் வரியிலேயே ஓலைநாயகம் பழக்கத்தால் 'திருவமுது' என்று எழுதப் போனார். சோறு என்று எழுதும் ஐயா, சோற்றைச் சோறு என்றால் உம் கை ஒடிந்து போகாது என்றார் தேவியார். அந்த ஓலை கிழிக்கப்பட்டது. இது இரண்டாவது.

நடந்தது இது. அமைச்சரின் வாய்த்தூதன் நேற்று அவைக்கு வந்தான். வாயைப் பொத்தி, முறைப்படி வணங்கி, இளவரசரின் திருமேனி பூரித்திருக்கிறது என்றான்; திருவடி செம்மை பூண்டிருக்கிறது என்றான்; தீர்த்தத்தின்மேல் விருப்பம் பெருகியிருக்கிறது என்றான்; நிறையேற்றுக்கு வேண்டிய நிறை விரைவில் கைகூடும் என்றும் சொன்னான். அவையோர் கைகூப்பினார்கள். ஒருவர் தம் மகிழ்ச்சியை மறைக்கமாட்டாமல் சர்க்கரை வழங்கலாமா என்றுகூடக் கேட்டார். தேவியார் மட்டும் இருக்கையை விட்டு எழுந்து படியிறங்கி அவன்முன் வந்து நின்றார். என் பிள்ளையின் கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்டார்.

அவன் பொத்திய கையை எடுக்கவில்லை. ஆத்தா, அந்தச் சொல்ல எங்க வாயால சொல்லப்படாதுங்க, நாக்க அறுத்துடுவாங்க என்றான். சொல்லவேண்டாம், தலையை ஆட்டு என்றார் தேவியார். அவன் தலையை ஆட்டினான். ஆம் என்று ஆட்டினான். அழுதுகொண்டே ஆட்டினான்.

ஊரார் அறியவேண்டி மரபைச் சொல்கிறோம். கன்னல்நாட்டு அரசர் ஆண்டுதோறும் ஆலைமூதூர் முற்றத்தில் துலாக்கோலின் ஒரு தட்டில் அமர்வார். மறுதட்டில் புது வெல்லம் ஏற்றப்படும். அவ்வெல்லம் ஊர்களுக்குப் பகிரப்படும். இதுவே நிறையேற்று. அரசரின் நிறை சென்ற ஆண்டினும் குறைந்தால் நாட்டுக்குக் கேடு என்பார்கள். புதிதாக முடிசூடுபவர் தம் தந்தையின் கடைசி நிறைக்குக் குறையாதிருக்க வேண்டும். அந்நிறை வரும்வரை அவர் தாய்மாமன் வீட்டில் தங்கித் தாய்மாமன் கையால் உண்ணவேண்டும். அரண்மனையில் அமங்கலச் சொல் ஒலிக்கலாகாது என்பது இன்னொரு மரபு. எனவே அரசர்க்கு வீக்கம் வாராது, பூரிப்பே வரும். அழற்சி வாராது, செம்மையே வரும். மெய்யாகவே மகிழ்ந்து உடல் தேறினாலும் பூரிப்பு; கால் தூண்போல் பருத்து விரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றாலும் அதுவும் பூரிப்பு. கேட்பவர் எதையென்று கொள்வது?

சென்ற பனிக்காலத்தில் தேவியார் மகளின் பேறுகாலத்துக்காகத் துறைக்கரைக்குச் சென்றிருந்தார். அங்கே வந்த தூதனும் இதே சொற்களைத்தான் சொன்னான். மன்னர் பூரித்திருக்கிறார் என்றான். தேவியாருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பேரன் பிறந்த செய்தி எட்டித்தான் மன்னர் மகிழ்ந்து தேறினார் என்று எண்ணி, துறைக்கரை முழுவதும் பாகுருண்டை வழங்கச் சொன்னார். உருண்டை பிடித்த கை கழுவுமுன் அடுத்த தூதன் வந்து, மன்னர் விண்ணேறினார் என்றான். மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை என்பதை அவனும் சொல்லவில்லை. மார்பில் மணிமாலை பாரமாயிற்று என்றான். தேவியார் அவனை அறைந்தார். அறை அவனுக்குரியது அன்று என்பதை இப்போது இவ்வோலையில் எழுதச் சொல்கிறார்.

ஆலைமூதூர் திரும்பியதும் தேவியார் முதலில் அழைத்தது நீராட்டும் பணிப்பெண் தெள்ளியை. அவள் சொன்னபடி: ராசாவுக்குப் பொழுதெல்லாம் தாகம் தாயி, குடம் குடமாக் குடிப்பாரு, அவரு ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்கும், காலுல புண்ணு ஆறவே இல்ல, ஆணி குத்துனதே அவருக்குத் தெரியல, நாங்க பார்த்துத்தான் பிடுங்கினோம். ஏனடி முன்பே சொல்லவில்லை என்று தேவியார் கேட்டதற்கு, சொன்னேன் தாயி, எறும்பு மொய்க்குதுன்னேன், தேனீ வாழ்த்துதுன்னு எழுதிக்கிட்டாங்க என்றாள்.

அதன்பின் அரண்மனை மருத்துவர் வெண்காடனார் அழைக்கப்பட்டார். கற்றவர், கைராசிக்காரர், ஐயமில்லை. எரியூட்டுமுன் மன்னரின் மார்பைத் திறந்து காட்டுக என்று தேவியார் ஆணையிட்டார். அரசர் உடலில் கத்தி படுவதா என்று அவை அலறியது. உயிரோடிருந்தபோது நீங்கள் செய்ததைவிட இந்தக் கத்தி என்ன செய்துவிடும் என்று தேவியார் கேட்டார். மருத்துவர் மார்பைத் திறந்தபோது தேவியார் முகத்தைத் திருப்பவில்லை. முப்பதாண்டு தலைசாய்த்த மார்பு அது.

இதயத்துக்கே குருதி ஊட்டும் குழாய் ஒன்றை மருத்துவர் பிளந்து காட்டினார். உள்ளே மஞ்சளாக, கொப்பரையோரத்தில் படியும் பாகுப்பொருக்கு போல ஒன்று தெரிந்தது. பாகு படிந்து அடைத்துவிட்டதா என்று தேவியார் வினவ, மருத்துவர் மறுத்தார். வெளியே படிந்தது அன்று தேவி, குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்தது என்றார். உண்ட இனிப்பை வாங்கிக்கொள்ளச் சதை மறுத்துவிட்டது; குருதியில் இனிப்பு வழிய வழியச் சதை பட்டினி கிடந்தது; அந்த மிகையான இனிப்பு குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்கியது. வயிற்றைச் சூழ்ந்து சேர்ந்த கொழுப்பும் சும்மா கிடக்கவில்லை. தானே அழன்று, அவ்வழற்சியைக் குருதிவழியே உடலெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. புண்பட்ட சுவருக்குள் கொழுப்பு நுழைந்தது. அதை அகற்ற உடலின் காவல் அணுக்கள் திரண்டு சென்றன, தின்றன, தின்ன மாட்டாமல் அங்கேயே மடிந்து குவிந்தன, அவை குவியக் குவியச் சுவர் மேலும் வீங்கியது. ஒருநாள் அவ்வீக்கத்தின் மூடி கிழிந்தது. கிழிசலை அடைக்கக் குருதி உறைந்தது. உறைந்த கட்டி வழியை அடைத்தது. இதயத்தின் ஒரு பாதி மூச்சு முட்டி இறந்தது. இவ்வளவையும் மருத்துவர் தெளிவாகச் சொன்னார். வீக்கம் என்ற சொல்லை அவர் அரண்மனைக்குள் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்முறை.

இதெல்லாம் தெரிந்துமா மருந்து கொடுக்கவில்லை என்று தேவியார் கேட்டார். மருத்துவர் தலைகுனிந்து சொன்னதை அமைச்சர் நன்றாகக் கேட்டுக்கொள்க. அரண்மனை மருந்தறையில் சொல் சொல்லித்தான் மருந்து வாங்கவேண்டும். வீக்கத்துக்கு மருந்து கேட்டால் அப்படியொரு நோய் அரசர்க்கு இல்லை என்பார்கள். பூரிப்புக்குக் கேட்டால் தருவார்கள். பூரிப்பை நிலைக்கச் செய்வதற்கென்றே அங்கே லேகியம் உண்டு. நெய்யும் தேனும் பனங்கற்கண்டும் சேர்த்துக் கிண்டியது. அதைத்தான் காலையும் மாலையும் மன்னர் உண்டார். கால் வீங்க வீங்க, பூரிப்பு மிகுந்தது என்று லேகியத்தின் அளவு கூடியது. உணவைக் குறைக்கவேண்டும், மன்னர் நாள்தோறும் நடக்கவேண்டும் என்று மருத்துவர் ஒருமுறை துணிந்து சொன்னபோது, நிறையேற்று நெருங்குகையில் நாட்டின் நிறையைக் குறைக்கப் பார்க்கிறீரோ என்று அவையில் அதட்டியவர் யாரென்று மருதங்கண்டனாருக்குத் தெரியும். மருத்துவர் அடங்கிப் போனார். அடங்கிப் போனதற்காக அவர்மேலும் தேவியார் சினந்தார். ஆயினும் அதட்டியவர்மேல் கொண்ட சினம் வேறு.

எரியூட்டு முற்றத்தில் தமையனார் தங்கையின் தோளைத் தொட்டு, எல்லாம் விதி அம்மா என்றார். அன்று தேவியாருக்கு மறுமொழி சொல்ல நாவெழவில்லை. இன்று எழுகிறது. விதி லேகியம் கிண்டுமா? விதி வந்து, இன்னொரு கவளம் மன்னா, இன்னொரு கவளம் என்று கெஞ்சுமா? இறந்தவரின் நிறையைக் கல்லில் வெட்டி வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகட்டும் என்று அவர் பெற்ற மகனை ஊட்டி ஊட்டி வீங்கவைப்பது விதியா, மருதங்கண்டனாரா?

மருமகன்மேல் மாமனுக்கு அன்பில்லை என்று தேவியார் சொல்லவில்லை. அந்த அன்புக்குத்தான் அவர் அஞ்சுகிறார். பகைவன் நஞ்சிட்டால் பிள்ளை துப்பிவிடுவான். மாமன் மடியில் வைத்து ஊட்டினால் எப்படித் துப்புவான்? இளவரசருக்கு வயது இருபத்தொன்று. இங்கிருந்து போகும்போது மதிலேறிக் குதிக்கும் உடம்பு அவருக்கு. தந்தையின் குருதிவாகு மகனுக்கும் உண்டு என்றும், அதனால்தான் இத்தனை விரைவில் காட்டிவிட்டது என்றும், இந்நிலையில் பிடித்தால் தணிக்கலாம், இன்னும் ஒரு நிறையேற்றுக்குப் பொறுத்தால் தம்மால் ஆவதொன்றும் இல்லை என்றும் வெண்காடனார் எழுந்துநின்று அவையறியச் சொல்லியிருக்கிறார். இம்முறை அவரை யாரும் அதட்டவில்லை. அதட்ட நினைத்தவர்கள் தேவியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆகவே ஆணையாவது: இவ்வோலை படித்து முடித்த கணம் முதல் களிற்றுப்பாறையிலும் ஆலைமூதூரிலும், அரசர் உடம்பென்றாலும் ஆண்டி உடம்பென்றாலும், வீக்கம் வீக்கமென்றே சொல்லப்படும், புண் புண்ணென்றும் மார்வலி மார்வலியென்றும் சொல்லப்படும். அமங்கலச் சொல்லுக்காக எவன் நாக்கும் அறுபடாது. நோயை மறைத்து மங்கலம் சொன்னவன் பதவியிழப்பான். பூரிப்பு லேகியத்தை அதன் கொப்பரையோடு ஆற்றில் கவிழ்த்துவிட்டு, கொப்பரையை மட்டும் கழுவி எடுத்துக்கொள்க. அது நல்ல செம்பு.

ஊர்களுக்குரிய வெல்லம் குறையாது. கேழ்வரகு விளைவதைப் பார்த்து ஊருக்குக் கொடுப்பதுபோல் கரும்பு விளைவதைப் பார்த்து வெல்லமும் கொடுக்கப்படும். அதற்கு ஓர் உயிரைத் தட்டில் ஏற்றவேண்டியதில்லை. முன்னோர் வழக்கம் விடக்கூடாது என்று அமைச்சருக்குத் தோன்றினால் அவரே தட்டில் ஏறி அமர்க; அவர் உடம்பும் நாட்டுக்குப் போதும் என்று தேவியார் சொன்னார். அவையில் சிலர் சிரித்துவிட்டார்கள். தேவியார் சிரிக்கவில்லை.

தாய்மாமன் ஊட்டும் முறை இன்றோடு முடிந்தது. இளவரசர் இவ்வோலை கொணரும் காவலரோடு புறப்படுக. காலில் புண் இருக்குமாயின் வண்டியில் வருக. இல்லையாயின் இயன்றவரை நடந்து வருக. வழியில் அவருக்குத் தரவேண்டிய உணவை வெண்காடனார் காவலரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதன்மேல் ஒரு பருக்கை யார் கொடுத்தாலும், அவர் யாராயிருந்தாலும், கை கட்டப்படும். முடிசூட்டு நாள் பின்னர் குறிக்கப்படும். மெலிந்த அரசன் நாட்டுக்கு ஆகான் என்று அமைச்சர் மீண்டும் சொல்வாராயின், இறந்த அரசன் எதற்கு ஆவான் என்று ஊராரிடம் விளக்கிவிட்டுச் சொல்க.

கதவடைத்துக் காலம் கடத்தலாம் என்றும் எண்ண வேண்டாம். காவலர் வெறுங்கையோடு திரும்பினால், அதே வழியில் தேவியார் தாமே படையோடு வருவார். தமையன் வீட்டுக்கு வரும் தங்கையாக வரமாட்டார்.

நிலமங்கை மாதேவியார் கணையாழியால் அரக்கில் பொறித்தது. ஆலைமூதூர் அவையறிய, ஓலைநாயகம் பூதன் கைச்சாத்து. மருத்துவர் வெண்காடனார் அறிந்து ஒப்பியது. ஞாயிறும் திங்களும் இவ்வாணைக்குச் சான்றாகுக.

இளவரசர் நலமே என்று மறுஓலை விடுக்க வேண்டாம். ஓலை வேண்டாம், அண்ணா. என் பிள்ளையை அனுப்பு.