நாலாவது சனல்

வெம்பிளி, ஒக்ரோபர் 2007

மச்சானுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. ஐஸ்லாந்துக்காரரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் சவுண்ட் பார்க்கும் கம்டன் மண்டபத்துக்கு அந்த ஐஸ்லாந்து எலக்ட்ரோனிக் இசைக் குழு முதலில் 2000இல் வந்தது. அப்போது ஒன்பது பேர். சவுண்ட் மிக்சரில் ஆளுக்கொரு மைக் சனல், ஒவ்வொன்றுக்குக் கீழும் டேப் ஒட்டி, ஒன்பது பெயரும் எழுதினேன். 2003இல் ஐந்து பேர் வந்தார்கள். போன மாதம் மூன்றே பேர். ஒருவர் படம் எடுக்கப் போனாராம், ஒருவர் பேக்கரி திறந்தாராம். ஆனால் இசை சுருங்கவில்லை மச்சான், இன்னும் பெருத்திருக்கிறது!

அந்த மூன்று பேரும் என்னை ஒன்பது பெயரையும் எழுதச் சொன்னார்கள். ஏன் என்றேன். மூத்தவர் சொன்னதை நம் பேச்சில் சொல்வதென்றால், “போன ஆக்கள் எப்பவாவது வருவினம். வந்தால் மைக் தேடித் திரியக்கூடாது.”

அன்று பின்னேரம், நிகழ்ச்சிக்கு முன் சவுண்ட் செக் நேரம், குழுவோடு சண்டை பிடித்துப் பிரிந்த பாடகி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே தன் மைக்கில் நின்று பாடினாள். என்ன மனிதர்கள்!

நம் கல்யாண வீட்டு இசைக் குழுவில் நீ “நான் போறன்” என்ற அன்று, “போ, ஆளுக்கா பஞ்சம்?” என்றேன். நீ கீபோர்டைக் காரில் ஏற்றி முடிக்கவில்லை, அதற்குள் நாலாவது சனலில் உன் பெயர் டேப்பை உரித்துவிட்டேன். அது உனக்குத் தெரியாது.

வருகிற ஞாயிறு ஹரோவில் நம் குழுவுக்கு ஒரு கல்யாணம். நாலு மணிக்கு சவுண்ட் செக். நாலாவது சனலில் புது டேப் ஒட்டி, எழுதியும்விட்டேன்.

ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
மிக்சருக்குப் பின்னால் நிற்பவன்