காஜாக்காரி கையில் என் நாடி

கடை மாடி,
செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி.

என் மகள் வயிற்றுப் பேத்தி சுண்டெலிக்குப் பாட்டி எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நலமாக இருந்தால் நான் எதற்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன்? அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

ஃபோனில் பேசியிருக்கலாம். பேசினால், நான் இரண்டு வார்த்தை உரக்கச் சொல்வதற்குள், "பாட்டி, டென்ஷன் ஆகாத, ஹார்ட்டுக்கு ஆகாது" என்று வாயை அடைத்துவிடுவாய். யார் மேல் கோபமோ அவர்களே அப்படிச் சொல்வது நல்ல வசதி. காகிதத்தின் வாயை அடைக்க முடியாது. உன் அம்மா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். படிக்காமல் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். படிப்பாள். படிக்கட்டும், அவளுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

போன வியாழக்கிழமை நான் நம் தையல் கடையில் விழுந்ததை அவள் உனக்குச் சொல்லியிருப்பாள். "பாட்டிக்குக் கொஞ்சம் முடியல, இப்ப பரவாயில்ல" என்று பூசி மெழுகியிருப்பாள். முழுசையும் நான் சொல்கிறேன், கேள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் நெஞ்சு தாளம் தப்பி ஓட ஆரம்பித்தது. சட்டைக் காலருக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன், நின்ற இடத்திலேயே நாடி நூற்றைம்பது. டாக்டரம்மா ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஓடுகிற நெஞ்சை அடக்கி ஒழுங்காக நடக்க வைக்கிற மாத்திரை. அடக்கினால் நாடி மெதுவாகத்தான் போகும் என்று அன்றைக்கே சொன்னார். "சும்மா உக்காந்திருக்கும்போது அம்பதுக்குக் கொஞ்சம் கீழ போனாலும் உங்களுக்குப் பயமில்லம்மா. ஆனா தலை சுத்தினா, கண்ணு இருட்டினா, மூச்சு வாங்கினா ஒளிக்காம சொல்லணும். நீங்களா மாத்திரையக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது" என்றார். அந்த அறையில் நீயும் இருந்தாய், உன் அம்மாவும் இருந்தாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. இரண்டு பட்டம் வாங்கிய உனக்கு எப்படி மறந்தது?

போன லீவில் வந்தபோது என் கையில் அந்தக் கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டுப் போனாய். நேரம் பார்க்க என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது என் நாடியை எண்ணி எண்ணி, கடல் கடந்து உன் ஃபோனுக்குக் கோள் சொல்லும் சாமான் என்று. ஐம்பதுக்குக் கீழே போனால் கத்தும். எனக்குத்தான் உட்கார்ந்தாலே நாற்பத்தாறு, நாற்பத்தேழு ஆயிற்றே! டீ குடிக்க உட்கார்ந்தால் கத்தியது. கணக்கு நோட்டைப் பிரித்தால் கத்தியது. அது கத்தியதும் நீ அங்கிருந்து அம்மாவைக் கூப்பிடுவாய், அவள் மாடியிலிருந்து செருப்புகூடப் போடாமல் ஓடி வருவாள். யூனிஃபார்முக்கு அளவு கொடுக்க வந்த நர்ஸிங் ஸ்கூல் பெண்கள் எல்லோரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நாற்பது வருடமாக நான் அதட்டி நடத்துகிற கடை அது. அங்கே என்னை ஒரு உடைந்த பொம்மை மாதிரி நிற்க வைத்தாய்.

கப்பல் கம்பெனியில் எந்தப் பெட்டி எந்தக் கடலில் நிற்கிறது என்று திரையில் பார்த்துச் சொல்வதுதான் உன் வேலை. நல்ல வேலை, நான் யாரிடமும் பெருமையாகச் சொல்கிற வேலை. அதற்காகப் பாட்டியையும் ஒரு பெட்டியாக்கி அந்தத் திரையில் ஏற்றுவதா? முன்பெல்லாம் ஃபோன் எடுத்தால் "சாப்டியா பாட்டி, அந்தக் காஜாக்காரி இன்னிக்கு என்ன கலாட்டா பண்ணுச்சு" என்று கேட்பாய். கடிகாரம் வந்த பிறகு, எடுத்ததும் "ஏன் பாட்டி நாப்பத்தேழு?" என்கிறாய். ஏன் என்று எனக்கு எப்படித் தெரியும்? நானா எண்ணுகிறேன்?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அதைக் கழற்றிக் காஜாக்காரி கையில் கட்டிவிட்டேன். அவளுக்கென்ன, நாற்பது வயது, நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா துளை தைக்கிறாள், ஓயாமல் பேசுகிறாள். அவள் நாடி எண்பத்திரண்டு, எண்பத்தைந்து என்று ஜோராக ஓடியது. கடிகாரம் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறாள், நீ உடனே கூப்பிட்டு "என்ன பாட்டி, நூத்தி முப்பது காட்டுது, ஓடினியா?" என்றாய். ஆமாம் என்றேன். நீ சந்தோஷப்பட்டாய். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கெல்லாம் சிரித்து வயிறு வலித்தது.

அது என் தப்பு. இல்லை என்று நான் எழுதவில்லை. ஆனால் நான் ஏமாற்றியது ஒரு கடிகாரத்தை. நீ என்ன செய்தாய்?

நாற்பத்தாறைப் பார்த்துப் பயந்து, டாக்டரம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், எனக்கு அரை வார்த்தை சொல்லாமல், என் ராத்திரி மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறாய். உன் அம்மா அதற்குப் பதிலாக ஒரு சத்து மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்திருக்கிறாள். அதுவும் வெள்ளை, அதுவும் வட்டம். நாக்கில் பட்டதும் "கசப்பே இல்லையேடி" என்று நான் கேட்டேன். "கம்பெனி மாத்திட்டான்மா" என்றாள், என் கண்ணைப் பார்க்காமல். நான் பெற்ற பெண் சொல்கிறாளே என்று நம்பி, தண்ணீர் குடித்தேன்.

பிறகு என்ன ஆயிற்று என்று நீயே கூட்டிப் பார். நீ மாத்திரையை நிறுத்திய கொஞ்ச நாளிலேயே நான் கடிகாரத்தை மாற்றிக் கட்டினேன். உன் திரையில் நாற்பத்தேழு போய் எண்பத்திரண்டு வந்தது. உனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாம்மா, நான் சொன்னேன்ல, அந்த மாத்திரைதான் காரணம்" என்று அம்மாவிடம் சொன்னாயாம். காஜாக்காரியின் நாடியைப் பார்த்து என் வைத்தியத்தைத் தீர்மானித்திருக்கிறாய்! அதோடு விட்டாயா? போன வாரம் காலை மாத்திரையையும் நிறுத்தச் சொன்னாய். ஒரு வாரம் பார்ப்போம் என்றாயாம். ஒரு வாரம் என் நெஞ்சை வைத்து நீ என்னத்தைப் பார்ப்பாய்?

நான்காம் நாள் வியாழன். பன்னிரண்டு மடிப்பு நீலத்துணி, பாவாடைக்கு. பாதி வெட்டிவிட்டேன். நெஞ்சுக்குள் யாரோ மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டினது மாதிரி இருந்தது. கத்தரியை மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் விழுந்தேன். ஒரு மடிப்புகூட வீணாகவில்லை, வேண்டுமானால் வந்து பார். நான் தரையில் கிடந்தபோது உன் ஃபோனில் என் நாடி எண்பத்து நான்கு. பத்திரமாக இருந்திருக்கிறேன், பார். காஜாக்காரி என்னைப் பார்த்து அலறிய பிறகுதான் அது ஏறியிருக்கிறது. உடனே நீ அம்மாவைக் கூப்பிட்டு, "பாட்டி மறுபடி ஓடுதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாயாம். அம்மா அந்த ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே கீழே இறங்கி வந்திருக்கிறாள்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன், டீ குடித்த பிறகுதான் மறுபடி எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு நூற்றறுபது ஓடியதாம். ஊசி போட்டு, மருந்து ஏற்றி அடக்கினார்கள். டாக்டரம்மா வந்து, "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். நான் நிமிர்ந்து படுத்துக்கொண்டு, ஒரு வேளை விட்டதில்லை என்று சத்தியமே செய்தேன். உன் அம்மா சுவரோரம் நின்று அழ ஆரம்பித்தாள், அழுதுகொண்டே எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் சொன்னாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வேற்று மனுஷர்கள் முன்னால், மூக்கில் குழாயோடு, நான் பெற்ற பெண்ணும் நான் வளர்த்த பேத்தியும் என்னை எப்படி ஏமாற்றினார்கள் என்று கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

டாக்டரம்மா அம்மாவை வாங்கு வாங்கு என்று வாங்கினார். எனக்கு அது நன்றாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "நாடி மெதுவா இருந்தப்ப தலைசுத்தல், கண்ணு இருட்டுறது ஏதாவது இருந்துச்சா?" என்றார். இல்லவே இல்லை என்றேன். பின்னால் நின்ற காஜாக்காரி, "பொய் சொல்றாங்க டாக்டர். குனிஞ்சு துணி எடுத்துட்டு நிமிர்ந்தா மேஜையப் பிடிச்சுக்கிறாங்க. மாடிப்படி ஏற மூணு தடவ உக்காருறாங்க. கேட்டா, படி எண்ணிப் பாக்கறேன்ங்கறாங்க" என்று போட்டு உடைத்துவிட்டாள். அதோடு கையை நீட்டிக் கடிகாரத்தையும் காட்டிவிட்டாள். அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை வழக்கம்போல் வந்து மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளோடு பேசுவதில்லை.

ஆமாம், கண் இருட்டியது. நாலைந்து மாதமாக. சொன்னால் டாக்டரம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், நின்று வெட்டுகிற வேலை இனி வேண்டாம் என்பார். உட்கார்ந்து கல்லாவைப் பார்த்துக்கொள் என்பீர்கள். பன்னிரண்டு மடிப்பை ஒரே கோட்டில் வெட்டுகிற கை இந்தத் தெருவில் இது ஒன்றுதான். அதை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார வேண்டுமா? அதனால் ஒளித்தேன். "நீங்க அப்பவே சொல்லியிருந்தா நானே அளவா குறைச்சிருப்பேன், ஈசிஜி எடுத்துப் பாத்துப் பாத்துக் குறைச்சிருப்பேன்" என்றார் டாக்டரம்மா. இது உனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது, பெருமைப்பட்டுக்கொள். நீ நினைத்தது பாதி சரி. ஆனால் நீ எனக்கு டாக்டர் இல்லை. நான் என்ன ஊமையா? என்னிடம் கேட்டிருக்கலாமே. கேட்டால் பொய் சொல்லியிருப்பேன் என்கிறாயா? சொல்லியிருப்பேன். இரண்டு தடவை சொல்லியிருப்பேன். மூன்றாம் தடவை நீ கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் வயர் ஒட்டிப் பதிவு செய்து பார்த்தார்கள். என் நெஞ்சு சில நேரம் தறிகெட்டு ஓடுகிறதாம், சில நேரம் மூன்று விநாடி நான்கு விநாடி நின்று யோசிக்கிறதாம். ஓடுவதை அடக்க மாத்திரை வேண்டும், மாத்திரை போட்டால் இன்னும் மெதுவாகும். அதனால் தோளுக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்ன மெஷின் வைக்க வேண்டும் என்கிறார். நெஞ்சு நின்றால் அது தட்டி எழுப்புமாம், பிறகு மாத்திரையைப் பயமில்லாமல் சாப்பிடலாமாம். வரும் திங்கட்கிழமை போய்ப் படுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வைப்பார்கள். எத்தனை நாளில் நின்று வெட்டலாம் என்று கேட்டேன். கையை மேலே தூக்காமல் சில வாரம், பிறகு பார்க்கலாம் என்றார். வெட்டக் கூடாது என்று சொல்லவில்லை. நான் சரி என்றுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. உங்களிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.

என் மாத்திரைப் பெட்டி இப்போது என் அறையில், என் பூட்டுக்குள் இருக்கிறது. உன் அம்மா கதவோரம் வந்து நின்றுவிட்டுப் போகிறாள். பாவமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். (மகளே, இதைப் படிக்கிறாய் அல்லவா? மத்தியானம் சாப்பிடாமல் இருந்தால் என் கோபம் குறையும் என்று நினைக்காதே, போய்ச் சாப்பிடு.)

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். என் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன், கொம்பும் சுழியும் சரியாக. கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது, நோயாளியுடன் தங்குபவர் பெயர், உறவு என்று. ஒருத்தருக்குத்தான் இடமாம். என் பெயரை எழுதும்மா என்றாள் உன் அம்மா. பேச்சில்லாதிருந்தும் காஜாக்காரி, நான் தங்குகிறேன் என்றாள். நான் படிவத்தை மடித்து மாத்திரைப் பெட்டியோடு வைத்துப் பூட்டிவிட்டேன்.

உனக்கு லீவு கிடைக்காது, டிக்கெட் யானை விலை, எல்லாம் எனக்குத் தெரியும். வா என்று நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன், என் கோபம் அப்படி. நீ நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, தூங்கு. கோபம் ஆறின பிறகு ஆசீர்வாதம் அனுப்பலாம் என்று பார்த்தேன், அது ஆறுகிற வழியைக் காணோம். அதனால் கோபத்தோடேயே அனுப்புகிறேன், பத்திரமாக வாங்கிக்கொள்.

படிவத்தைத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

இப்படிக்கு,
உன்னைத் திட்ட உரிமை உள்ள
பாட்டி.