மச்சான் சொல்லாத ஆமென்

என் வாயாடி மச்சான் அருள்தாசுக்கு,

நீங்க போய்ச் சேர்ந்து வருஷம் ஒண்ணு ஆச்சு. ‘போய்ச் சேர்ந்து’ன்னு எழுதினதுமே உங்க குரல் காதுல விழுது: “எங்க மாப்ள போய்ச் சேர்ந்தேன்? அட்ரஸ் இருந்தா குடு.” சரி, விடுங்க. போயிட்டீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஜே.பி. டவுன்ல ஒரு வீட்டு ஏர்கான் கழுவ வந்தேன். வேலை முடிஞ்சு வண்டிய எடுத்தா, அது என் பேச்சைக் கேக்காம உங்க டயாலிசிஸ் சென்டருக்கு எதிர்ல வந்து நிக்குது. மழை கொட்டுது. கண்ணாடியெல்லாம் மூடி வெள்ளையாயிடுச்சு, உலகமே தெரியல. உள்ள உக்காந்து எழுதுறேன். நீங்க உக்கார்ற இடது பக்க சீட்டுல டூல் பையை வைக்க இன்னும் மனசு வரல, பின்னாலதான் போடுறேன்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் குடுக்கப்போறேன். லில்லி சரின்னுட்டா. உங்களைப் பத்தி ஊரறிய ஒரு பொய் சொன்னேன் மச்சான். உண்மையையும் ஊரறியச் சொல்லணும் இல்லையா?

படிக்கிறவங்களுக்காக ரெண்டு வரி. நீங்க என் மனைவி லில்லியோட கூடப்பொறந்த அண்ணன். லோரி மெக்கானிக். கல்யாணம் பண்ணிக்கல. கிட்னி போனதும் கோத்தா திங்கியில எங்க வீட்டுக்கே வந்துட்டீங்க. வாரத்துக்கு மூணு காலை நான்தான் உங்களை ஜே.பி.க்கு ஏத்திக்கிட்டுப் போவேன். நடுவுல செம்பனைத் தோட்டம், பனி விலகாத ரோடு, ரெண்டு பக்கமும் மரங்க வரிசை வரிசையா பின்னால போய்க்கிட்டே இருக்கும். பாதித் தூக்கத்துல ஆரம்பிப்பீங்க: “மாப்ள, ஒரு சந்தேகம்.” அலமாக்! அந்த ஒரு சந்தேகம் ஜே.பி. வந்தாலும் தீராது.

“உங்க சபையில ரத்தத்தால பாவத்தைக் கழுவுறாங்க. எனக்கு ரத்தத்தையே கழுவுறாங்க, வாரம் மூணு தடவை. யாரு மாப்ள அதிகச் சுத்தம்?” அன்னைக்கு நான் சிரிச்ச சிரிப்புல சிக்னலை விட்டுட்டேன். பின்னால வந்தவன் ஹாரன் அடிச்சதுக்கும் நீங்கதான் கண்ணாடிய இறக்கித் திட்டினீங்க.

எல்லாமே கிண்டல் இல்ல. லாயாங் லாயாங் ஊர்ல உங்கம்மாவுக்கு இனிப்பு நீர், அதான் சக்கரை வியாதி, வந்த கதைய ஒரு நாள் சொன்னீங்க. வெளியூர்லேருந்து ஒரு பிரசங்கி வந்தாரு. ஜெபம் பண்ணாரு, மருந்தைத் தூக்கிப் போடுங்கம்மான்னாரு. அம்மா போட்டுட்டாங்க. கால் கறுத்துச்சு, முட்டி வரைக்கும் எடுத்தாங்க. அப்புறம் அதே ஆளு சொன்னாராம், உங்க விசுவாசம் பத்தலம்மான்னு. புண்ணுக்குக் கட்டுப் போட்டது நீங்க. “விசுவாசத்தை அளக்கிற மீட்டர் எங்க மாப்ள விக்குது? நான் வாங்கிட்டு வந்து அந்தாளுக்கு மாட்டிப் பாக்கணும்”னீங்க. அதுக்கப்புறம் நீங்க சபைக்குள்ள கால் வைக்கல.

அம்மா படுத்திருந்த அதே கட்டிலோட மறுபக்கம் லில்லி உக்காந்திருந்தா. அவ பாத்தது வேற. கால் போன அம்மா காலையில எந்திரிச்சுப் பாட்டுப் பாடினதை அவ பாத்தா. ஒரே வீடு, ஒரே அம்மா, ஒரே புண். ஒருத்தர் வெளிய போனீங்க, ஒருத்தி உள்ளயே உக்காந்துட்டா. இது எப்படின்னு இன்னைக்கும் எனக்குப் புரியல.

நான் என்ன பெரிய போதகரா? சபையில மைக் செட் பாக்கிறவன். எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்: “கஷ்டம் ஏன் வருதுன்னு தெரியாது மச்சான். கஷ்டப்படுறவன் பக்கத்துல கர்த்தர் உக்காந்திருக்காருன்னு நம்புறேன்.” நீங்க கண்ணை மூடிக்கிட்டே சொன்னீங்க, “பக்கத்துல உக்காந்திருக்கிறது நீதான் மாப்ள. ரோட்டப் பாத்து ஓட்டு.”

உடம்பு இறங்க இறங்க லில்லிக்குப் பயம் பிடிச்சுக்கிச்சு. சாவுக்கு இல்ல. எங்க சபையில செத்தவங்களுக்காக ஜெபம் பண்ற வழக்கம் கெடையாது. உயிரோட இருக்கும்போதே இயேசுவே, என்னை ஏத்துக்கோங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடணும். சொல்லாம போனா கதவு சாத்தினது சாத்தினதுதான்னு சின்ன வயசுலேருந்து கேட்டு வளந்தவ அவ. உங்களுக்குக் கஞ்சி ஊட்டும்போதுகூட அவ உதடு ஜெபம்தான் பண்ணிக்கிட்டிருக்கும்.

அந்தக் கடைசி மத்தியானம் ஆஸ்பத்திரியில போதகர் வந்துட்டாருன்னு லில்லி அவரைக் கூட்டிவரக் கீழ இறங்கினா. நான் குனிஞ்சு கெஞ்சினேன், “மச்சான், ஒரே வார்த்தை. லில்லிக்காக.” மூச்சு வாங்கிக்கிட்டே நீங்க கேட்டீங்க: “லில்லிக்காகச் சொன்னா, அது இயேசுவுக்குச் சொன்னதாகுமா மாப்ள?” நீங்களே தொடர்ந்தீங்க: “நீ ஜெபம் பண்ணு. நீ பண்ணா கேக்க நல்லாருக்கு. என்னை மட்டும் ஆமென் சொல்லச் சொல்லாத.” கண்ண மூடி ஜெபம் பண்ணேன். கண்ணைத் திறந்தப்போ நீங்க இல்ல.

லில்லி ஓடி வந்தா. உங்களைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா, அந்தப் பார்வையை எப்படி எழுதுறதுன்னு தெரியல. “சொன்னாரா?”ன்னு கேட்டா.

“சொன்னாரு”ன்னுட்டேன்.

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம்பாங்க. சாவுக்கு எத்தனை பொய் சொல்லலாம்னு யாரும் சொல்லிக் குடுக்கல. அவ தரையில உக்காந்து, அழுதுகிட்டே நன்றி சொன்னா. போதகர் அடக்க ஆராதனையில அதையே பிரசங்கமா வச்சாரு. மைக்ல கரகரன்னு சத்தம் வந்துச்சு, நான் சரி பண்றமாதிரி குனிஞ்சே நின்னுக்கிட்டிருந்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னா, என் புளுகு ஒரு வருஷம் ஓடிடுச்சு. லில்லி நல்லாத் தூங்கினா. அதைப் பாக்கும்போது நான் செஞ்சது சரின்னே தோணும்.

கல்லறை மண் இறங்கின பிறகுதானே கல் வைப்பாங்க. போன மாசம் ஊலு திராம் பக்கம் கல் வெட்டுற கடையோட சீன முதலாளி தௌக்கேயப் பாத்துப் பேசினோம். அவருக்குத் தமிழ் தெரியாது, எழுதிக் குடுக்கிறதை அப்படியே வெட்டுவாரு. லில்லி ஒரு தாள்ல எழுதி, ஃபோன்ல அனுப்புங்கன்னு என் கையில குடுத்தா. ‘இயேசுவை ஏற்றுக்கொண்டு இளைப்பாறுகிறார்.’ வாயால சொன்னது காத்தோட போயிடும்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். கல்லுல வெட்டணும்னதும் அனுப்பக் கை வரல மச்சான். ‘தௌக்கே, ரொம்ப நாளாச்சு, ரெடியா?’ன்னு நான் கேக்கவேண்டியது போய், அவரு என்னைக் கேக்க ஆரம்பிச்சாரு.

அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை சபை முடிஞ்சு வந்து அசந்துட்டேன். கனவுல நீங்க. கோத்தா திங்கி அருவியில இடுப்பளவு தண்ணியில நின்னு ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிக் குடிக்கிறீங்க. ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸ்தான்னு டாக்டர் அளந்து குடுத்த மனுஷன்! நான் கரையில நின்னு கத்துறேன், “மச்சான், அங்க யாராவது இருக்காங்களா?” நீங்க கையைக் காட்டுறீங்க, இரு, குடிச்சுட்டு வர்றேங்கிற மாதிரி. நானும் நிக்கிறேன். தண்ணி விழுந்துகிட்டே இருக்கு, நீங்க குடிச்சுக்கிட்டே இருக்கீங்க, எனக்கு அவசரமே இல்ல. முழிச்சப்போ மூஞ்சி நனைஞ்சிருந்தது.

சமையக்கட்டுல லில்லி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கிட்டிருந்தா. “லில்லி, உங்கண்ணன் சொல்லல”ன்னேன்.

“என்ன சொல்லல?”

“அன்னைக்கு. அந்த வார்த்தைய. நான்தான் பொய் சொன்னேன்.”

இன்னும் நாலு நெத்திலிக்குத் தலை கிள்ளினா. அப்புறம் கேட்டா, “அப்ப ஒரு வருஷமா நான் எதுக்கு நன்றி சொல்லிக்கிட்டிருந்தேன்?” அவளே மேல பேசினா: “எங்கண்ணனுக்கு நான் அழவேண்டிய அழுகைய நீங்க அழவிடல. உங்களை யாரு கேட்டா?” தட்டைத் தள்ளிவிட்டுட்டு உள்ள போய், செத்த வீட்டு அழுகை அழுதா. ஒரு வருஷத்து அழுகை மச்சான். கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டிருந்தேன். உள்ள போக எனக்கு என்ன மூஞ்சி இருக்கு?

மூணு நாள் பேச்சு இல்ல. சோறு இருக்கும், ஆள் இருக்கமாட்டா. நானே போதகர் வீட்டுக்குப் போய் ஒப்புக்கிட்டேன். கோவிச்சுக்குவாருன்னு பாத்தேன். தாடையத் தடவிக்கிட்டாரு. “என்னைவிட அந்த மனுஷன் நேர்மையா இருந்திருக்காரு தேவராஜ். கூட்டம் நல்லா வரும்னு நானும் விசாரிக்காம பிரசங்கம் பண்ணிட்டேன்”னாரு.

நாலாம் நாள் காலையில லில்லி எனக்கு எதிர்ல வந்து உக்காந்தா. “கடைசியா என்னதான் சொன்னாரு? உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.”

சொன்னேன். நீங்க கேட்ட கேள்வி, ஜெபம் கேக்க நல்லாருக்குன்னது, ஆமென் மட்டும் வேணாம்னது, எல்லாத்தையும். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. “லில்லிக்காகச் சொன்னா…”ன்னு மெதுவா ஒரு தடவை சொல்லிப் பாத்தா. சிரிச்சா. சிரிப்பும் அழுகையுமா, “அண்ணன்தான். இதுதான் எங்கண்ணன்”ன்னா. அப்பதான் எனக்கு உறைச்சுது. நான் பொய்யை மட்டும் சொல்லல, நீங்க கடைசியாப் பேசினதை அவகிட்டேருந்து ஒளிச்சும் வச்சிருந்தேன். மன்னிச்சுக்குங்க மச்சான்.

போன வாரம் ரெண்டு பேரும் தௌக்கே கடைக்குப் போனோம். லில்லி புதுசா ஒரு தாள் வச்சிருந்தா. அவரு அதைப் பாத்துட்டு, “இத்து சாஜா?”ன்னு கேட்டாரு, இவ்வளவுதானான்னு. நானும் வாங்கிப் பாத்தேன். வசனம் இல்ல, வாழ்த்து இல்ல. உங்க பேரு. அதுக்குக் கீழ ஒரே வரி: ‘லில்லியின் அண்ணன்.’

“என்ன லில்லி இது?”ன்னேன்.

“அவரு சொல்லாததை நான் எழுதமாட்டேன். நம்ம சபையில செத்தவங்களுக்கு ஜெபம் பண்றதும் கெடையாது, அதுவும் எனக்குத் தெரியும். நான் ஜெபம் பண்ணல. என் பேரைப் போடுறேன், அவ்வளவுதான். கர்த்தருக்கு எங்கண்ணன் குரல் தெரியுமோ தெரியாதோ, என் குரல் நல்லாத் தெரியும். செத்தவங்களை எழுப்புற அன்னைக்கு அந்தக் கல்லைப் பாத்துட்டு, இது யாரு நம்ம லில்லி ஆளான்னு ஒரு வார்த்தை விசாரிக்கமாட்டாரா?”

தௌக்கே தாளை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரு. இன்னைக்குக் காலையில கல் வச்சாச்சு.

இனி நீங்க பேசாத ஒரு வார்த்தையையும் உங்க வாயில வைக்கமாட்டேன். இது சத்தியம். யாராவது உங்களைப் பத்திக் கேட்டா, கேள்வி கேட்டுக்கிட்டே போனாருன்னு சொல்றேன். விசாரிக்க ஆள் வந்தா மட்டும், மச்சான், வாதம் பண்ணாம தங்கச்சி பேரைச் சொல்லுங்க.

உங்க தங்கச்சியக் கட்டினவன்,
மாப்ள தேவராஜ்
கோத்தா திங்கி