வலது கரை அமீபாக்கள்

உன் கையெழுத்து இன்று என் மேசைமேல் தனியாகக் கிடக்கிறது. 'கல்லாறு, வலது கரை' என்று நீ எழுதிய டேப் துண்டு. நீ போன பிறகு ஒவ்வொரு புது வளர்ப்புத் தட்டுக்கும் அதையே உரித்து ஒட்டிவந்தேன். இனி ஒட்டுவதற்குத் தட்டு இல்லை.

திருவனந்தபுரத்து ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை நமக்கு. கல்லாற்றுக்கு அமீபா தேடிப் போன அன்று வலது கரையில் நீ, இடது கரையில் நான். அட்டை கடித்த காலோடு ஆளுக்கொரு பிடி மக்கிய மண் அள்ளினோம். அமீபா இரண்டாகப் பிரிந்துதானே பெருகுகிறது, தினமும் பார்க்கிறோமே என்றேன். வலியசாலைக்காரிக்கு வாய்தான் என்று சிரித்தாய், நாகர்கோவில்காரி.

"நாம பாக்கல்லேன்னு சொல்லு. நடக்கல்லேன்னு சொல்லாதே, கேட்டியா?"

பிரிந்து மட்டுமே பெருகினால் மரபணுக்கள் தலைமுறைதோறும் கலையாமல் ஒரே கட்டாக இறங்கும். நம் மண்ணின் அமீபாக்களில் அந்தக் கட்டு கலைந்து கிடந்தது. அப்படியானால் எங்கோ இருட்டில், ஈரத்தில், இரண்டு கூடியிருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் உன் ஆசை. இரு கரை அமீபாக்களையும் ஒரே தட்டில் விடுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பவில்லை.

அதன்பின் உன்னுடையதை யாரையும் தொடவிடவில்லை நான். அது பிரிந்துகொண்டே இருக்கும்வரை, நீ ஊசிமுனையில் எடுத்த அந்த உயிர் சாகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பைத்தியக்காரத்தனம்தான். நீ கலக்க ஆசைப்பட்டதைக் கலக்கவிடாமல் காவல் காத்தேன்.

சென்ற மாதம் அவை குறைந்துபோயின. மிஞ்சியது ஒரே ஒரு தட்டுக்குத்தான் காணும். மறுபடியும் தனியாக வளர்ப்பதா, என் கரையோடு சேர்த்து விடுவதா என்று தவித்தேன். சேர்த்துவிட்டேன். ஈரம் காயாமல் கறுப்புத் தாள் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

இன்று தாளைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தேன். கூடிய இரண்டும் ஒரே பெரிய செல்லாகியிருந்தன. அது சுற்றியிருந்த உன்னுடையதையும் என்னுடையதையும் தின்றுவிட்டு, தடித்த சுவருக்குள் உருண்டு கிடந்தது. நீ சொன்னதுதான் சரி. அதைக் கேட்க நீ இல்லையே என்று அழுகை வந்துவிட்டது.

"எந்து பற்றி, சேச்சி?" என்ன ஆயிற்று அக்கா என்று மலையாளத்தில் கேட்டபடி பக்கத்து மேசைப் பெண் ஓடிவந்தாள். உன் மேசை இப்போது அவளுக்கு.

"ஒண்ணுமில்லே. கண்ணுல மருந்து பட்டுடுத்து."

அந்தச் சுவர் எப்போது திறக்குமோ தெரியாது. தட்டில் வளர்ந்தவை பெரும்பாலும் திறப்பதே இல்லை. திறந்தாலும் வெளியே வருவது நீ எடுத்ததாக இருக்காது, நான் எடுத்ததாகவும் இருக்காது. மறுபடி தாளைச் சுற்றிப் புது டேப் ஒட்டினேன். கரை எதுவும் குறிக்கவில்லை. கல்லாறு என்று மட்டும் எழுதினேன்.