பங்குனியில் நட்ட நீலப்பூக் கன்றுகள்

லா சப்பல், பாரிஸ், 20.04.2011

அன்புள்ள தங்கேஸ்வரி,

நான் சுகம். உமக்கு முதுகுவலி குறைந்ததா? மகள் ஆரணி சாப்பிடுகிறாளா?

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஐப்பசியில் விதைத்து, குளிர்காலம் முழுவதும் யன்னலுக்கு வெளியே வைத்து வளர்த்த நீலப்பூக் கன்றுகளைப் பங்குனியில் பொதுத் தோட்டத்தில் நட்டேன். அறையில் என்னோடு இருக்கும் புண்ணியமூர்த்தி அண்ணை, கேட்காமலே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்.

"பனி இன்னும் விடேல்லை. மே மாதம்தான் நடவேணும்," என்றார்.

"அது தக்காளிக்கு அண்ணை. இது உறைபனியைத் தாங்கும். வெயில் ஏற முதல் வேர் ஓடினால்தான் நல்லாப் பூக்கும். மாரி முழுக்க வெளியிலதானே நிண்டது, நீங்கள் காணேல்லையோ?" என்று கத்திவிட்டேன்.

உடனே திரும்ப நட்டேன். பாதி பட்டுவிட்டது, மீதி துளிர்த்துவிட்டது. அவரோடு பேச்சில்லை, சமையலும் தனித்தனி. மிளகாய்த்தூள் இடித்து அனுப்பும். ஒரு ஆளுக்கு அளவாகப் போதும். வேலைக்கு நேரமாகிறது.

உமது,
கிருபாகரன்