இருபது கேட்ட ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ஒரு சுருக்குப்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தான். கோலிக்குண்டைவிடப் பெரிதாக, பட்டை பட்டையாக, நீலநிறப் பகடை ஒன்று உருண்டு வந்து என் தட்டருகே நின்றது. எடுத்து எண்ணினேன். இருபது முகம். சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்கு மாமா சிரிக்கிறீங்க? இதெல்லாம் உங்க காலத்துல கிடையாது" என்றான். கிடையாதாம். உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

உங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் விட்டுப்போன புத்தகத்தில்தான் இப்படியொரு பகடையைப் பற்றி நாம் முதலில் படித்தோம். அட்டை இல்லை, பாதிப் பக்கங்களும் இல்லை. நம் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு நீதான் அதைப் பிரித்து மேய்ந்தாய். ஒருவன் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வீரனாக இறங்க வேண்டும். வாள் வீசினால் பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். "இருபது மொகத்துல பகடை எங்கடா இருக்கும்? அச்சுல தப்பு பண்ணிட்டானுங்க" என்று நீ தீர்ப்புச் சொல்லிவிட்டாய்.

ஆகவே இருபது புளியங்கொட்டைகளில் காம்பஸ் முள்ளால் எண்களைக் கீறி, மஞ்சப்பையில் போட்டுக் குலுக்கினோம். கதை சொல்பவன் நீ; நீ கேட்கும் எண்ணோ அதற்கு மேலோ கையில் வந்தால்தான் வீரன் பிழைப்பான். கீறியது நான். இருபது மட்டும் கொஞ்சம் ஆழமாக விழுந்துவிட்டது. வேண்டுமென்றே செய்யவில்லை, நம்பு.

என்ன ஒரு நாடு அது! சாத்தனூர் அணை நம் கடல். ஜவ்வாது மலையில் அரக்கர்கள். பூதங்களுக்கு வேங்கிக்காலை ஒதுக்கினாய். ஏன் என்று கேட்டதற்கு, "கலெக்டர் ஆபீஸ் அங்கதான இருக்குது" என்றாய். சாமியாகக் கும்பிடும் நம் ஊர் மலையை மட்டும் வரைபடத்தில் வெறுமையாக விட்டிருந்தாய். "அது நம்ம கதைல வராது" என்று சொன்னதோடு சரி. என் வீரன் வேங்கையன், கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை பயிரிட்டுக்கொண்டிருந்தவன், வாளெடுத்துக் கிளம்பியவன். ஒன்றரை வருஷம் அவனாக வாழ்ந்தேன். கணக்குப் பாடத்தில் தேறாதவனுக்கு அவன்தான் கௌரவம்.

இனி உண்மையைச் சொல்கிறேன். பைக்குள் கைவிட்டால் அந்த ஆழமான கீறல் விரலுக்குத் தெரியும். ஆபத்தான நேரங்களில் இருபதைத் தேடி எடுத்துப் பிழைத்தேன். நீயும் ஒன்றும் கேட்கவில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருவானே குமரன், நம் மூன்றாவது ஆள், அவனுடைய வீரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை செத்தான். நீ எட்டு கேட்டாய், அவன் கையில் வந்தது ஐந்து. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரம் புதுப் பெயரோடு வந்து உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றுதான் குகை வாசலில் பூதம் வேங்கையனை மடக்கியது. "இருபது வந்தாத்தான் பொழைப்பான்" என்றாய். பதினைந்துக்கு மேல் நீ யாரிடமும் கேட்டதில்லை. படுபாவி, என்னிடம் மட்டும் ஏன்? பைக்குள் கையை விட்டேன். விரலில் இருபது தட்டுப்பட்டது. பிடித்தேன். எதிரில் குமரன் உட்கார்ந்திருந்தான். விட்டுவிட்டேன். நன்றாகக் கலக்கி வேறொன்றை எடுத்தேன்.

"மூணு" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். பிறகு நோட்டில் வேங்கையன் பெயருக்கு நேரே கோடு போட்டாய். நான் அழுதேன். ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. அந்த இருபதை நினைத்து அதன்பிறகும் பல வருஷம் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோதுதான் கேட்டேன், ஏன்டா இருபது கேட்ட என்று. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாய். "நீ தடவி எடுக்கறது எனக்குத் தெரியும்டா. பத்துனு கேட்டிருந்தா சும்மா எடுத்திருப்ப, செத்திருப்ப. இருபதுனா எப்படியும் தேடி எடுத்துருவனுதான் கேட்டேன். வேங்கையன் சாவக்கூடாதுனு இருந்துச்சி."

யாருக்கும் சலுகை காட்டாதவன் என்று நாங்கள் நம்பிய நீ, எனக்காக வளைந்திருக்கிறாய். அன்றைக்குப் பார்த்து நான் நிமிர்ந்திருக்கிறேன்.

"நான் மூணு எடுத்தப்ப கோவம் வந்துச்சாடா?" என்றேன்.

"வந்துச்சி. ரெண்டு நாள்தான்" என்றாய். மேலே சொல்வதற்குள் நர்ஸ் வந்துவிட்டார்.

மிச்சத்தை உன் காரியத்தன்றுதான் தெரிந்துகொண்டேன். பந்தலில் உன் மனைவி என்னைக் கூப்பிட்டு உன் மகளிடம் காட்டினார். அழுது சிவந்த கண்ணோடு அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா சொல்வாரே, மூணு எடுத்தவரு. இவருதான்" என்றார் உன் மனைவி.

உன் வீட்டில் இத்தனை வருஷமாக எனக்கு அதுதான் பெயராம். எனக்கு ஆபீசில் ஒரு பதவி இருக்கிறது, தெருவில் ஒரு மரியாதை இருக்கிறது. எதையும் இவ்வளவு பெருமையோடு நான் சுமந்ததில்லைடா. உன் மகள் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தாள்.